கேள்வியை மூடுவதற்கு முன்: கனடாவில் இருக்கும் நண்பனுக்கு

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் மச்சான்,

நீ எழுதியது கிடைத்தது. இங்கு எல்லாரும் சுகம். நல்லூரில் கொடி ஏறிவிட்டது; கோயிலடியில் பருத்தித்துறை வீதியை மறித்திருக்கிறார்கள், எங்கே போவதென்றாலும் சுற்றித்தான் போக வேண்டும். வெயிலும் சரியான வெயில். ஏ.எல். (உயர்தர வகுப்பு) பெடியள் திருவிழாவுக்கும் ரியூசனுக்கும் நடுவில் ஓடித் திரிகிறார்கள். தமிழில் நிரலாக்கக் கேள்வி கேட்பதற்கென்று நீங்கள் தொடங்கப்போகும் இடத்துக்கு முதலில் வரப்போகிறவர்களும் அவர்கள்தான். அவர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கேள்வியை மூடும் (புதிய பதில் வராமல் நிறுத்தும்) அதிகாரத்தையும் அழிக்கும் அதிகாரத்தையும் யாரிடம் கொடுப்பது என்று கேட்டிருந்தாய். அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: தன் கேள்வி மூடப்பட்ட பிள்ளைக்கு, அடுத்து என்ன செய்தால் அது திரும்பத் திறக்கும் என்று தெரியுமா? தெரியாவிட்டால் மூடியவர் பாதி வேலைதான் செய்திருக்கிறார். நீங்கள் எழுதப்போகும் விதிகள் எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியால் உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

நிரலாக்கக் கேள்வி-பதில் தளமான ஸ்ராக் ஓவர்ஃப்ளோவின் (Stack Overflow) நீண்டகாலப் படிமுறை உனக்குத் தெரியும். 15 புள்ளி வந்தால் ஆதரவு வாக்கு, 50 வந்தால் மற்றவர்களின் பதிவில் கொமென்ற், 125 வந்தால் எதிர்வாக்கு, 3,000 வந்தால் மூடுவதற்கு வாக்கு. முன்பு ஒரு கேள்வியை மூட 5 வாக்குத் தேவைப்பட்டது, 2019இல் அதை 3 ஆக்கினார்கள். ஆயிரக்கணக்கானோர் நாளாந்தம் வரும் இடத்துக்கு இது பொருந்தும். ஆனால் 2018 ஏப்ரலில் அந்த நிறுவனமே, புதியவர்களுக்கு எங்கள் இடம் ஆதரவாக இல்லை என்று வெளிப்படையாக எழுதியது. அதற்கு ஆட்களின் குணம் மட்டும் காரணமில்லை, அமைப்பிலேயே ஒரு குறை இருந்தது. எதிர்வாக்கு ஒரு எண்ணை மட்டும்தான் காட்டும். முதல் கேள்வி கேட்டவன் பக்கத்தைத் திறந்தால் −3 என்று நிற்கிறது. எதைத் திருத்துவது என்று அந்த −3 சொல்லாது.

ஆகவே புதியவர்களின் முதல் சில கேள்விகளுக்கு எதிர்வாக்கின் எண்ணிக்கையைக் காட்டவே வேண்டாம். வாக்குப் போடுகிறவர் காரணம் ஒன்றைத் தெரிவு செய்யட்டும்: கோட் (நிரல் வரிகள்) இல்லை, பிழைச்செய்தி முழுதாக இல்லை, என்ன எதிர்பார்த்தாய் என்று விளங்கவில்லை, ஏற்கெனவே பதில் இருக்கிறது. இந்த நான்கு போதும். பத்துக் காரணம் வைத்தால் எல்லாரும் முதலாவதைத்தான் அமத்துவார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் கேட்டவனிடம் போய்ச் சேர வேண்டிய வசனத்தை முன்கூட்டியே நல்ல தமிழில் எழுதி வைக்க வேண்டும். ‘உங்கள் கேள்வி தரமற்றது’ என்று எழுதினால் அது தீர்ப்பு. ‘பிழைச்செய்தியின் கடைசி வரி மட்டும் இருக்கிறது. மேலே உள்ள வரிகளையும் சேர்த்து ஒட்டுங்கள்; எந்த வரியில் பிழை என்பது அங்கேதான் இருக்கும்’ என்று எழுதினால் அது உதவி. இந்த வசனங்களை எழுதுவதுதான் முழு வேலையிலும் பாரமான பகுதி, அதைக் கடைசி நாளுக்கு விட்டுவிடாதே.

கேள்வி எழுதும் இடத்திலேயே பாதிப் பிரச்சினையைத் தடுக்கலாம். ஒரே வெள்ளைப் பெட்டியைக் கொடுக்காமல் நான்காகப் பிரி: என்ன செய்ய முயல்கிறாய், கோட், வந்த பிழைச்செய்தி அல்லது வெளியீடு, எதிர்பார்த்த வெளியீடு. கோட் பெட்டிக்குள் போனது எதையும் மார்க்டவுன் (குறிகளைப் பார்த்து எழுத்தைத் தடிப்பாக்கும், சாய்க்கும் முறை) தொடக்கூடாது. எங்கள் பெடியள் பெரும்பாலும் ஃபோனிலிருந்து ஒட்டுவார்கள். பைதன் நிரல்மொழியில் வரித்தொடக்க இடைவெளி போனால் நிரலே போயிற்று. இரட்டை அடிக்கோடுகளுக்கு நடுவே வரும் பெயர்களை மார்க்டவுன் தடித்த எழுத்தாக்கி அடிக்கோடுகளை விழுங்கிவிடும். ஃபோன் விசைப்பலகை நேர் மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றினால் பைதன் அதை ஏற்காது. இப்படி வந்த கேள்விக்கு வரும் பதில், மாணவனுடைய உண்மையான பிழையை விட்டுவிட்டு, ஒட்டும்போது வந்த பிழையைத் திருத்திக்கொண்டிருக்கும். வளைந்த குறி இருந்தால் பெட்டிக்குக் கீழே உடனே ஒரு வரி எச்சரிக்கை காட்டு. தானாகத் திருத்த வேண்டாம், ஏனெனில் சிலவேளை அதுவே அவனுடைய பிழையாக இருக்கும்.

திரையைப் படம் பிடித்துப் போடுவதை முழுதாகத் தடை செய்யாதே. படம் சேர்த்தவனுக்குக் கோட் பெட்டி வெறுமையாக இருந்தால் மட்டும், ‘படத்தில் உள்ளதை மற்றவர்கள் இயக்கிப் பார்க்க முடியாது’ என்று சொல்லி அனுப்பும் பொத்தானை நிறுத்தி வை.

தமிழுக்கென்று மட்டும் வரும் சிக்கல்கள் மூன்று இருக்கின்றன. ஆங்கிலத்தில் செய்து வைத்த மென்பொருளை எடுத்துப் பூட்டும்போது அவற்றை யாரும் கவனிப்பதில்லை.

ஒன்று பாமினி. இங்கே இன்னும் அச்சகத்திலும் பள்ளிக்கூடத்திலும் பாமினி எழுத்துருவில் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குழப்பமாக வரும், தானியங்கி வடிகட்டி அதைக் குப்பை விளம்பரம் என்று தூக்கிவிடும். கண்டுபிடிப்பது கடினமில்லை. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளிக் குறியைத்தான் தட்டுவார்கள். ஆகவே விளக்கப் பகுதியில் சொற்களின் நடுவே அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் அது பாமினி. கோட் பெட்டியை இந்தச் சோதனையிலிருந்து விலக்கு, சி, ஜாவா எழுதுகிறவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். கண்டுபிடித்ததும் தடுக்காமல், யூனிகோட்டுக்கு (எல்லா மொழிக்குமான பொது எழுத்துக் குறியீட்டு முறைக்கு) மாற்றிக் காட்டி ‘இதுவா நீங்கள் எழுதியது?’ என்று கேள்.

இரண்டாவது தேடல். ‘கொ’ என்பதில் வரும் ஒகரக் குறியை யூனிகோட்டில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் கால்குறியுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்.எஃப்.சி. (NFC) என்ற, இரண்டையும் ஒன்றாக்கும் யூனிகோட் வடிவத்துக்கு மாற்றாவிட்டால், முன்பு கேட்ட கேள்வி கண்முன்னே இருந்தும் தேடலில் வராது. பிறகு ‘தேடிப் பார்க்காமல் கேட்கிறாய்’ என்று அந்தப் பிள்ளையை ஏசுவது அநியாயம்.

மூன்றாவது நீளம். ‘யாழ்ப்பாணம்’ எங்களுக்கு 6 எழுத்து. யூனிகோட்டில் 11 குறியீடு, அதைச் சேமிக்கும் யு.ரி.எஃப்-8 (UTF-8) முறையில் 33 பைற். தலைப்புக்கு ஆகக் குறைந்தது இத்தனை, ஆகக் கூடியது இத்தனை என்று எல்லை வைக்கும்போது எதை எண்ணுகிறீர்கள் என்று பார். ஆங்கிலத்துக்கு வைத்த எல்லையை அப்படியே விட்டால் தமிழ்த் தலைப்புப் பாதியில் வெட்டுப்படும்.

இனி அதிகாரம். மூன்று பேர் வாக்களித்தால் மூடலாம் என்ற விதி சின்ன இடத்தில் ஓடாது. மூன்றாவது வாக்கு வந்துசேர ஒரு கிழமை ஆகும், அதற்குள் கேட்டவன் போய்விடுவான். ஒருவர் மூடட்டும், ஆனால் 24 மணித்தியாலத்துக்குள் வேறொருவர் அதைப் பார்த்து ஒப்ப வேண்டும், ஒப்பாவிட்டால் தானாகத் திறக்கட்டும். கேட்டவன் கேள்வியைத் திருத்தினால் அது மீளாய்வு வரிசையின் முன்னுக்கு வர வேண்டும். மறுபடி திறப்பது மூடுவதைவிடக் கெதியாக நடக்க வேண்டும். டிஸ்கோர்ஸ் (Discourse) என்ற கலந்துரையாடல் மன்ற மென்பொருளில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு: முறைப்பாட்டால் மறைக்கப்பட்ட பதிவை, எழுதியவர் பத்து நிமிடம் கழித்துத் திருத்தினால் அது திரும்ப வெளியே வரும். அந்தப் பத்து நிமிடம் கோபம் ஆறுவதற்கு.

‘ஏற்கெனவே கேட்கப்பட்டது’ என்று மூடுவதைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், அதிகம் மனம் நோவது அங்கேதான். ஒரு மாணவன் பைதனில் மூன்று வரிசைக் கட்டம் ஒன்று செய்ய [[0]*3]*3 என்று எழுதி, ஒரு இடத்தை மாற்றினால் மூன்று வரிசையிலும் மாறுகிறதே என்று கேட்கிறான் என்று வை. பழைய கேள்வியின் தலைப்பு ‘பட்டியலை நகலெடுப்பது எப்படி’ என்று இருந்தால், தன் கேள்விக்கு அது எப்படிப் பதிலாகும் என்று அவனுக்கு விளங்காது. இணைப்புடன் ஒரு வரி கட்டாயம் எழுத வேண்டும்: ‘பெருக்கும்போது புதிதாக மூன்று வரிசை உருவாகவில்லை, ஒரே வரிசையை மூன்று தரம் சுட்டுகிறாய், அந்தப் பதிலின் இரண்டாம் பகுதியைப் பார்.’ அந்த வரி இல்லாமல் மூடும் பொத்தான் வேலை செய்யக்கூடாது. மூடிய கேள்வியை அழிக்கவும் வேண்டாம். அடுத்தவனும் அவனுடைய சொற்களில்தான் தேடுவான்.

பதில்களை வரிசைப்படுத்துவதற்கு வெறும் விகிதத்தை நம்பாதே. ஒரு வாக்கு விழுந்து அதுவும் ஆதரவு என்றால் 100 வீதம். 50இல் 40 ஆதரவு என்றால் 80 வீதம். எது நம்பகமானது என்று உனக்கே தெரியும். வாக்கு குறைவாக இருந்தால் மதிப்பையும் தாழ்த்தும் புள்ளியியல் முறை ஒன்று இருக்கிறது: எட்வின் வில்சன் 1927இல் தந்த நம்பிக்கை இடைவெளியின் கீழெல்லையை 95 வீத நம்பிக்கையில் எடுத்தால் முதலாவதுக்கு 0.21, இரண்டாவதுக்கு 0.67 வரும். 2009இல் ரெடிட் (Reddit) தளம் தன் கொமென்ற் வரிசைக்கு எடுத்துக்கொண்டதும் இந்த முறைதான். எல்லா வாக்கும் ஆதரவாக இருந்தால் கணக்கு இன்னும் சுலபம்: வாக்கின் எண்ணிக்கையை, அதனுடன் 3.84 கூட்டி வந்ததால் பிரி. 5 வாக்குக்கு 0.57, 10 வாக்குக்கு 0.72.

வாக்குக்குப் பக்கத்தில் ‘என்னிடம் இயங்கவில்லை’ என்று தனிப் பொத்தான் ஒன்று வை. அமத்தினால் பைதன் பதிப்பையும் வந்த பிழையையும் கேட்கட்டும். பைதன் 2இன் ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதியோடு நின்றுவிட்டது, ஆனால் அடைப்புக்குறி இல்லாத, பழைய பைதன் 2இல் மட்டும் ஓடும் பிரின்ற் (print) வரிகள் இன்னும் பதில்களில் கிடக்கின்றன. எழுதிய நாளில் அவை சரியான பதில்கள். அவற்றுக்கு எதிர்வாக்குப் போடுவது நியாயமில்லை, பழசு என்று காட்டுவதுதான் முறை.

செயற்கை நுண்ணறிவால் எழுதிய பதில்களுக்கும் இதே பொத்தான் உதவும். 2022 டிசம்பரில் ஸ்ராக் ஓவர்ஃப்ளோ சற்ஜிபிரி (ChatGPT) பதில்களைத் தடை செய்தது. பார்வைக்குச் சரிபோல இருக்கும், எழுதச் சில வினாடி, சோதிக்க அரை மணித்தியாலம் — அதுதான் பிரச்சினை. பிறகு 2023 ஜூனில், அத்தகைய பதில்களை அகற்றும் அதிகாரத்தை நிறுவனம் குறைத்ததால் அங்கு மட்டுறுத்துநர்கள் (பதிவுகளைக் கண்காணிப்பவர்கள்) பலர் வேலைநிறுத்தம் செய்தார்கள். நீங்கள் அந்தச் சண்டைக்குள் போக வேண்டாம். ‘இது இயந்திரம் எழுதியது’ என்ற குற்றச்சாட்டை நிரூபிக்க முடியாது, கண்டறியும் கருவிகளையும் நம்பி ஒருவரைத் தண்டிக்க முடியாது. பதில் எழுதுகிறவர் இயக்கிப் பார்த்த வெளியீட்டையும் ஒட்ட வேண்டும் என்று விதி வை. இயக்கினால் ஓடாத பதிலை, யார் எழுதினாலும், ஓடவில்லை என்ற காரணத்துக்காகவே அகற்றலாம்.

மட்டுறுத்துநர்களைப் பற்றி: தான் வாதாடிய இழையில் தானே தீர்ப்புச் சொல்லக்கூடாது, செய்தது எல்லாம் பதிவேட்டில் இருக்க வேண்டும், மேன்முறையீடு வேறொருவரிடம் போக வேண்டும். மீளாய்வு வரிசையில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 20 என்று எல்லை வை, அதற்கு மேல் வாசிக்காமலே அமத்தத் தொடங்குவார்கள்.

காரண வசனங்கள் நான்கையும் நான் எழுதித் தொடங்குகிறேன். திருவிழா முடிவதற்குள் அனுப்புவேன். நீ அவற்றை உன் ஆட்களிடம் காட்டாமல், முதலில் நிரலாக்கம் படிக்கத் தொடங்கிய இரண்டு பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்து, அடுத்து என்ன செய்வாய் என்று கேள். சொல்லத் தெரியாமல் நிற்கும் வசனத்தை எனக்குத் திருப்பி அனுப்பு, மாற்றித் தருகிறேன். என்.எஃப்.சி. விசயத்தை மட்டும் இந்தக் கிழமையே உங்கள் தரவுத்தளம் பார்ப்பவருக்குச் சொல்லிவிடு.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்