பிரசவம் பார்க்கப் படிக்க நினைக்கும் மகனுக்கு

பாலக்கோடு

அன்புள்ள கதிருக்கு,

பிரசவம் பார்க்கும் வேலைதான் வேண்டும் என்கிறாய். எனக்கு மறுப்பே இல்லை. ஆம்பளைக்கு எதற்கு இது என்று கேட்கிற சொந்தபந்தத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

ஏ.என்.எம். என்கிற துணைச் செவிலியர் படிப்பும் கிராம சுகாதார செவிலியர் வேலையும் பெண்களுக்கு. உனக்கு இருப்பது நர்சிங்கும் பிரசவமும் சேர்ந்த 3 வருட டிப்ளமோவான ஜி.என்.எம்., இல்லையென்றால் 4 வருட பி.எஸ்சி. நர்சிங். பி.எஸ்சி.யே எடு சாமி. நர்ஸ் வேலைக்கு எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வைப் படிப்பு முடித்த கையோடு எழுதலாம், ஜி.என்.எம். என்றால் 50 படுக்கை ஆஸ்பத்திரியில் 2 வருட அனுபவம் கேட்பார்கள். அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். ஆனால் ஆண்களுக்கு 20 சதவீத இடம்தான். அந்த வேலையை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. ஓசூர் தனியார் ஆஸ்பத்திரிச் சம்பளத்தில் கட்ட முடிகிற கடன்தான் நமக்குக் கடன்.

கல்விக்கடன் வருடம் 1 லட்சம் வீதம் 4 லட்சம் வாங்கினால் சொத்து ஜாமீன் வேண்டாம். வட்டி 10 சதவீதம் என்று வை. படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும்போது வட்டியே 1.4 லட்சம் சேர்ந்திருக்கும். 10 வருடத்துக்கு மாதம் 7,100 ரூபாய்க்கு மேல் போகும். படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்டிவந்தால் 5,300 ரூபாயோடு நிற்கும். அந்த வட்டியை நான் கட்டுகிறேன். அரசுப் பள்ளியில் படித்தவன் நீ, தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். அது புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும்.

பெங்களூரு காலேஜுக்கு ஆள் பிடிக்கும் புரோக்கர்கள் வருவார்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்துவிடாதே. இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தைப் பார். காலேஜின் ஆஸ்பத்திரியில் மாதம் எத்தனை பிரசவம் என்றும் கேள். பிரசவமே இல்லாத இடத்தில், பார்த்த பிரசவங்களை எழுதும் கேஸ் புக் மட்டும் நிறையும், கைக்கு வேலை வராது.

பிரசவ அறையில் பெண் நர்ஸ் பக்கத்தில் இல்லாமல், அந்தத் தாயிடம் கேட்காமல் உள் பரிசோதனை செய்யாதே. வேண்டாம் என்றால் விலகிக்கொள். அது அவள் உரிமை. பிரசவம் எப்படி நகர்கிறது என்று கோடு போட்டுக் குறிக்கும் தாளான பார்ட்டோகிராஃபை நன்றாகக் கற்றுக்கொள்: கருப்பை வாய் 4 செ.மீ. திறப்பில் தொடங்கி அரை மணிக்கொரு தரம் குழந்தையின் இதயத்துடிப்பு, 4 மணி நேரத்துக்கு ஒரு தரம் திறப்பு. பல இடங்களில் பிரசவம் முடிந்தபின் உட்கார்ந்து நிரப்புகிறார்கள். கோடு அழகாக இருக்கும், எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டிய நேரம் யார் கண்ணிலும் பட்டிருக்காது. மூச்சு விடாத சிசுவுக்கு முதல் நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்கும் பேக், மாஸ்க் பிடிக்கவும் பழகு. பிரசவ வார்டில் ஆணுக்கு இடம் இல்லை என்றாலும் பச்சிளம் குழந்தைகள் பிரிவில் அந்தக் கைக்கு வேலை உண்டு.

கலந்தாய்வுக்குச் சாதிச் சான்றிதழும் முதல் பட்டதாரிச் சான்றிதழும் வேண்டும். இ-சேவை மையத்தில் நான் விண்ணப்பிக்கிறேன். உன் மாற்றுச் சான்றிதழை இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பு.

அம்மா