மூடிய முகத்தையும் எடுக்க வேண்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு விடியற்காலையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போனால், மீன் வாங்க வருபவர்களோடு கேமராவும் கையுமாக வருபவர்களையும் பார்க்கலாம். நானும் பல வருடமாக அப்படிப் போகிறவன்தான். போன மாதம், கூடையோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மா, தன் முகத்துக்கு நேரே லென்ஸ் நீள்வதைப் பார்த்து முந்தானையால் மூடிக்கொண்டார். படம் எடுத்த இளைஞர் நகரவில்லை. மூடிய முகத்தையும் எடுத்தார். இன்னும் மனசு கேட்கவில்லை.

பொது இடம்தானே, சட்டம் தடுக்கவில்லையே என்பார்கள். சரி. ஆனால் பொது இடத்தில் இருக்கிறார் என்பதாலேயே ஒருவரின் அந்தரங்க உரிமை போய்விடாது என்று அந்தரங்க உரிமை பற்றிய 2017 புட்டசாமி வழக்கின் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

படகுகளை, வலைகளை, கூட்டத்தை எடுங்கள், யாருக்கும் வருத்தமில்லை. ஒரே ஒரு முகத்தை எடுக்கும்போதுதான் விஷயம் மாறுகிறது. கேட்டால் இயல்பு கெட்டுவிடும் என்றால், எடுத்த பிறகாவது காட்டிக் கேட்கலாம். வேண்டாம் என்றால் அங்கேயே அழித்துவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன். பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டு, "எனக்கும் ஒண்ணு அனுப்புப்பா" என்பார்கள்.

வாசகர் படங்களை வெளியிடும் முன், படத்தில் இருப்பவரிடம் சம்மதம் கேட்டீர்களா என்று நம் நாளிதழும் ஒரு வரி கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராயபுரம்