விடுவித்த தடயங்களையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தடயவியல் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். தடயவியல் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அதில் விடுபட்ட ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். குற்றவாளிகள் சிக்கிய வழக்குகளை மட்டுமே கட்டுரையாளர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆய்வக முடிவால் பழியிலிருந்து மீண்டவர் ஒருவர்கூட அதில் இல்லை.

டிஎன்ஏ சோதனை முதன்முதலாகப் பயன்பட்ட கொலை வழக்கு இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் நடந்தது. 1983-இலும் 1986-இலும் 15 வயதுச் சிறுமிகள் இருவர் கொல்லப்பட்டனர். 17 வயது இளைஞன் ஒருவன் இரண்டாவது கொலையை ஒப்புக்கொண்டான், முதலாவதை மறுத்தான். இரண்டும் அவன் செய்தவையே என்று நம்பிய காவல்துறை, அதை உறுதிசெய்துகொள்ள மரபியல் அறிஞர் அலெக் ஜெஃப்ரிஸை நாடியது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1984-இல் அவர் கண்டறிந்த முறைப்படி மாதிரிகள் ஒப்பிடப்பட்டன. இரு கொலைகளையும் செய்தவன் ஒருவனே என்று தெரிந்தது. ஆனால் அவன் அந்த இளைஞன் அல்லன். வாக்குமூலமே கொடுத்துவிட்ட ஒருவனை விடுவித்ததுதான் கொலை வழக்கில் டிஎன்ஏ செய்த முதல் வேலை. இதைவிடப் பெருமையான தொடக்கம் எந்த அறிவியலுக்கு வாய்க்கும்?

அதன் பிறகு நடந்ததும் கவனிக்கத்தக்கது. சுற்று வட்டார ஆண்கள் ஏறத்தாழ 5,000 பேரிடம் மாதிரிகள் எடுத்தும் ஒன்றும் பொருந்தவில்லை. உண்மையான கொலையாளி, உடன் வேலை செய்த ஒருவரைத் தன் பெயரில் இரத்தம் கொடுக்க அனுப்பியிருந்தான். அந்த நபர் மதுக்கடையில் இதைச் சொல்ல, கேட்டுக்கொண்டிருந்த பெண் ஒருவர் காவல்துறைக்குத் தகவல் கொடுத்தார். 1987-இல் கைதான கொலையாளிக்கு அடுத்த ஆண்டு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண் வாய் திறக்காமல் இருந்திருந்தால், ஆய்வகம் எத்தனை ஆயிரம் மாதிரிகளைச் சோதித்தும் அவன் அகப்பட்டிருக்க மாட்டான்.

கட்டுரையில் ஓரிடத்தில் ‘டிஎன்ஏ பொய் சொல்லாது’ என்றிருக்கிறது. இந்த வாக்கியத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜெர்மனியின் ஹைல்பிரான் வழக்குதான் நினைவுக்கு வரும். 2007-இல் அங்கே பெண் காவலர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த ஒரு பெண்ணின் டிஎன்ஏ, ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் ஏறத்தாழ 40 குற்ற வழக்குகளின் தடயங்களிலும் இருந்தது. கொலை முதல் சிறு திருட்டு வரை எல்லாவற்றிலும் அதே பெண்! அவரைப் பிடிக்கத் துப்புக் கொடுப்போருக்கு 3,00,000 யூரோ பரிசும் அறிவித்தார்கள். 2009-இல்தான் உண்மை வெளிப்பட்டது. தடயம் எடுக்கும் பஞ்சுக் குச்சிகள் தயாரான இடத்தில் வேலை பார்த்த பெண்ணின் டிஎன்ஏ அது. குச்சிகள் கிருமி நீக்கப்பட்டவைதாம். கிருமியைக் கொல்லும் முறை டிஎன்ஏவை அழிப்பதில்லை என்பதை யாரும் எண்ணிப்பார்க்கவில்லை. சோதனையில் பிழையே இல்லை, கருவிகள் துல்லியமாகவே வேலை செய்தன. பிழை ஆய்வகத்தின் வாசலுக்கு வெளியே இருந்தது.

எங்கள் வேலையில் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடும். இரத்தம் தோய்ந்த துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட்டு முத்திரையிட வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினால் நுண்ணுயிர்கள் பெருகி டிஎன்ஏவைச் சிதைத்துவிடும். அப்படிக் கெட்டுப்போய் வந்த துணியைப் பிரிக்கும்போது ஏற்படும் வேதனையை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒரு குடும்பம் நம்பியிருந்த ஒரே சான்று அதுவாக இருந்திருக்கும்.

விரல் ரேகைச் சோதனையும் பிழைக்கு அப்பாற்பட்டதன்று. 2004-ஆம் ஆண்டு மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு ரேகை, அமெரிக்காவின் ஓரிகான் மாநில வழக்கறிஞர் ஒருவருடையது என்று அந்நாட்டின் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் உறுதிபடக் கூறினார்கள். அந்த வழக்கறிஞர் இரண்டு வாரம் காவலில் வைக்கப்பட்ட பிறகு, அது வேறொருவரின் ரேகை என்று ஸ்பெயின் காவல்துறை கண்டறிந்தது. எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்டது. நுண்ணோக்கியில் முடியை ஒப்பிட்டுச் சொன்ன சாட்சியங்களை அதே அமைப்பு மறு ஆய்வு செய்தபோது, ஆராய்ந்த விசாரணைப் பதிவுகளில் குறைந்தது 90 சதவீதத்தில் தவறான கூற்றுகள் இருந்ததாக 2015-இல் ஒப்புக்கொண்டது. ‘பொருந்துகிறது’ என்ற சொல்லை எங்கள் துறையினர் எவ்வளவு எச்சரிக்கையோடு எழுத வேண்டும் என்பதற்கு இவை போதும்.

இத்தனை சொல்வது துறையைத் தாழ்த்துவதற்காக அன்று. இதில் என் வாழ்நாள் உழைப்பு இருக்கிறது, அதன் மீது எனக்குள்ள மதிப்பு சிறிதும் குறையவில்லை. ஆனால் நாளை நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவோ வழக்கு நடத்தவோ போகிறவர்களும் தங்கள் இதழைப் படிக்கிறார்கள். ஒரு வழக்கைப் பற்றி எழுதும்போது, தடயத்தை எடுத்தவர் யார், அது எத்தனை கை மாறி ஆய்வகத்துக்கு வந்தது என்பதையும் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுதட்டும். ஒருவரின் டிஎன்ஏ ஓரிடத்தில் இருந்தது என்றால், அது எப்போது, எவ்வழியாக வந்தது என்று அந்தச் சோதனை சொல்லாது என்பதையும் குறிப்பிடட்டும். இந்தக் கட்டுரைக்கு அடுத்த பகுதி வருமானால், லெஸ்டர்ஷயர் இளைஞனின் வழக்குக்கு அதில் இடம் கொடுங்கள்.

அன்புடன்,
தங்கள் நெடுநாள் வாசகர்