காசிப் பயணம் இந்த முறை 11 நாள்: நாக்பூரில் ஏன் இறங்குகிறோம்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

மாசி மாதக் காசிப் பயணத்தின் நோட்டீஸைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் போன் செய்தீர்கள். எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான். "போன தடவை 9 நாளில் கூட்டிக்கொண்டு போய் வந்தீர்களே, இப்போது எதற்கு 11 நாள்? நாக்பூரில் நமக்கு என்ன வேலை?" அலுவலகத்துக்கு நேரில் வந்தவர்களுக்கு உட்கார வைத்துச் சொன்னோம். போனில் அவசரமாகச் சொன்னது பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். தலைக்கு ₹1,900 கூடுதலாகவும் கேட்கிறோம். அது எதற்கு என்று நீங்கள் கேட்பது நியாயம். அதனால்தான் இந்த மடல்.

சென்னை சென்ட்ரலிலிருந்து காசி 2,100 கிலோமீட்டருக்கு மேல். நேர் வண்டியில் சாயங்காலம் ஏறினால் இரண்டு இரவும் நடுவில் ஒரு முழுப் பகலும் ரயிலிலேயே கழியும். அதற்கு முன்னால் மதுரையிலிருந்து சென்னைக்கு வேறு கிட்டத்தட்ட 500 கி.மீ. இருக்கிறது. பயணம் திட்டமிடும் பலரும் மணிக்கணக்கைத்தான் பார்ப்பார்கள். நாங்களும் பல வருடம் அப்படித்தான் பார்த்தோம். இப்போது சாப்பாட்டு வேளையை எண்ணுகிறோம். முதல் நாள் ராத்திரிக்குக் கவலை இல்லை, சென்னையில் கட்டிய பொட்டலம் இருக்கும். மறுநாள் காலைக்கு இட்லி, மதியத்துக்குப் புளியோதரை. இதுவரை நம் சமையல்கட்டின் கை எட்டும். அப்புறம் இரண்டாம் நாள் ராத்திரி, மூன்றாம் நாள் காலை, வண்டி தாமதமானால் மூன்றாம் நாள் மதியம். இந்த மூன்று வேளைதான் கண்டம்.

அந்தக் கண்டத்தை நாங்கள் கண்ணால் பார்த்தோம். முந்தின வருடம் நேர் வண்டியில் 22 பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். வழியில் வண்டி ஆறு மணி நேரத்துக்கு மேல் தாமதம். இரண்டாம் நாள் ராத்திரிக்கு என்று சப்பாத்தியும் வெங்காயம் போட்ட உருளைக்கிழங்கு மசாலாவும் கட்டியிருந்தோம். டப்பாவைத் திறந்ததும் வாடை அடித்தது. வண்டியில் விற்க வந்த சாப்பாடும் எங்கள் பெட்டிக்கு வருமுன் தீர்ந்துவிட்டது. கூட்டத்தில் சர்க்கரை நோய் உள்ள 68 வயது அம்மா ஒருவர், சாப்பாடு வந்துவிடும் என்ற நம்பிக்கையில் மாத்திரையை முதலிலேயே போட்டுவிட்டார். அரை மணி நேரத்தில் கை நடுங்கியது, நெற்றியெல்லாம் வியர்வை, பேச்சு குழறியது. எதிர் இருக்கையில் இருந்த வடநாட்டுக் குடும்பம் ஒரு வெல்லக்கட்டியை எடுத்து அவர் வாயில் போட்டது. ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் செய்தோம், அடுத்த பெரிய ஸ்டேஷனில் டாக்டர் ஏறி வந்து பார்த்தார். அம்மா நலமாகக் காசி பார்த்து ஊர் திரும்பிவிட்டார். வண்டி தாமதமாவது யார் கையிலும் இல்லை. சூடு ஆறுமுன் டப்பாவை மூடியதும், வெங்காயம் போட்டதும், மாத்திரைக்கு முன் ஒரு வாய் சோறு உண்டா என்று பார்க்காததும் எங்கள் தப்பு. அந்த ராத்திரிக்குப் பிறகுதான் பாதையையே மாற்றி யோசித்தோம்.

இப்போது ஏற்பாடு இதுதான். காலையில் வைகை எக்ஸ்பிரஸில் மதுரையை விட்டுக் கிளம்பி மத்தியானம் எழும்பூரில் இறங்குகிறோம். சாயங்காலம் வரை பக்கத்தில் ஒரு மண்டபத்தில் குளித்துப் படுத்து எழலாம். ராத்திரி சாப்பாடு அங்கேயே, சுடச்சுட. 10 மணிக்கு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். ஏறியதும் படுக்கை விரித்துத் தூங்கிவிடலாம். மறுநாள் காலை இட்லி, மதியம் புளியோதரையும் தயிர்சாதமும். சாப்பிட்டுக் கை கழுவி மூட்டையைக் கட்டி முடிக்கும்போது, 2 மணி வாக்கில், நாக்பூர். அன்று ராத்திரி நாக்பூரில் தூக்கம். மறுநாள் சாயங்காலம் அங்கே வேறு வண்டி ஏறினால், அடுத்த நாள் காலையில் பிரயாக்ராஜில் (பழைய அலகாபாத்) உள்ள சியோகி ஸ்டேஷன். திரிவேணி சங்கமத்தில் நீராடிவிட்டு வேனில் காசி. சுமார் 120 கி.மீ. தூரம்.

"ஜபல்பூரில் இறங்கினால் நர்மதையும் பளிங்குப் பாறையும் பார்க்கலாமே" என்று ஒரு வாத்தியார் ஐயா கேட்டார். நல்ல யோசனைதான். ஆனால் நாக்பூரிலிருந்து சாயங்காலம் கிளம்பும் வண்டி ஜபல்பூரைத் தொடும்போது நடுச்சாமம் தாண்டியிருக்கும். முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த நேரத்தில் படி ஏறி இறங்கி, ஆட்டோ பிடித்து, தூங்கி வழியும் லாட்ஜ்காரரை எழுப்ப வேண்டும். தங்கும் ஊரை அதன் பேரை வைத்துத் தேர்ந்தெடுக்கவே கூடாது என்பது எங்கள் அனுபவம். வெளிச்சம் இருக்கும்போது இறங்கி, வெளிச்சம் இருக்கும்போதே ஏறுகிற ஊராக இருக்க வேண்டும். நாக்பூர் அப்படி அமைந்தது. அங்கே ஸ்டேஷனை ஒட்டினாற்போலவே டேக்டி கணேஷ் கோயில் இருக்கிறது. மேடான இடத்தில் பிள்ளையார். காசிக்குக் கிளம்பியவர்கள் வழியில் அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவதில் எங்களுக்கும் ஒரு நிறைவு.

ஆனால் நாக்பூரை நாங்கள் பிடித்ததற்கு முதல் காரணம் அங்கே கிடைத்த அடுப்புதான். தென்னிந்தியச் சமையல் தெரிந்த ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறோம். இறங்கின அன்று ராத்திரி ரசம் சாதம், பருப்புத் துவையல், சுட்ட அப்பளம். வேண்டியவர்களுக்குக் கோதுமை ரவை உப்புமா. மறுநாள் மதியம் முழுச் சாப்பாடு. சாயங்கால வண்டிக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் அங்கேயே கட்டி வாங்கிக்கொள்வோம். இப்படிச் செய்தால் போகிற வழி முழுக்க ஒரு பொட்டலம்கூட 24 மணி நேரத்துக்கு மேல் பழையது ஆகாது. வண்டி மூன்று நான்கு மணி நேரம் தாமதமானாலும் தாங்கும்.

பொட்டலம் கட்டுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தனியாகப் போகிறவர்களுக்கும் இது பயன்படும். எங்கள் சமையலைக் கவனிக்கும் பெரியம்மா முதல் நாளே சென்னை போய்விடுவார். புளியோதரையைக் கிளறியதும் துவைத்து உலர்த்திய வெள்ளை வேட்டியில் பரப்பிவிடுவார். புறங்கையை மேலே பிடித்துப் பார்ப்பார். ஆவி படவே கூடாது. அதுவரை யார் அவசரப்படுத்தினாலும் இலையை எடுக்க மாட்டார். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து, அந்தத் தண்ணீர் சோற்றில் விழுந்துதான் ஊசிப்போகிறது. இட்லிக்கு மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி மந்தாரை இலையில் அடுக்குவார். தேங்காய்ச் சட்னி கிடையவே கிடையாது. தயிர்சாதத்தைத் தயிரில் பிசையாமல், குழைய வடித்த சோற்றில் காய்ச்சி ஆறின பாலை நிறைய விட்டு, உறைமோர் மாதிரி ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்ப்பார். சாப்பிடும் நேரத்துக்குள் அது தானே தயிர்சாதம் ஆகிவிடும், புளிக்காது. தொக்கில் வெங்காயம் இல்லை. எண்ணெய் மேலே மிதக்கும் வரை வதக்கினால் தொக்கு நாலு நாள் தாங்கும்.

பொட்டலம் இல்லாமல் பயணம் செய்கிறவர்கள் ஐஆர்சிடிசியின் இ-கேட்டரிங்கைப் பயன்படுத்தலாம். பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்துவிட்டால், வண்டி நிற்கும் பெரிய ஸ்டேஷனில் சாப்பாட்டை இருக்கைக்கே கொண்டுவந்து தருவார்கள். விஜயவாடா மாதிரி ஊர்களில் பகல் நேரத்தில் எங்களுக்கு அது நன்றாகவே கைகொடுத்திருக்கிறது. ஆனால் ராத்திரி 10 மணிக்கு மேல் வரும் ஸ்டேஷனை நம்பி வயதானவர்களைக் காக்க வைக்க மாட்டோம். தண்ணீருக்கு ரயில்வேயே விற்கும் ரயில் நீர் பாட்டில் இருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து லிட்டர் ₹14. ஒரு ஆளுக்கு இரண்டு பாட்டில் எப்போதும் கையில் இருக்கும்படி நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்போம். சிறிய கேஸ் அடுப்பு, ஸ்டவ், கெரசின் எதையும் யாரும் கொண்டுவரக் கூடாது. "காபி மட்டும் போட்டுக்கொள்கிறோம்" என்று கேட்டாலும் சம்மதிக்க மாட்டோம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில் நம் மதுரை ஸ்டேஷன் பக்கத்திலேயே, உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்களின் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்துபோனார்கள். பெட்டிக்குள் கேஸ் சிலிண்டர் வைத்திருந்தார்கள். நம்மைப் போலவே கோயில் பார்க்கக் கிளம்பி வந்தவர்கள் அவர்கள். காபிக்கு பிளாஸ்க் நாங்கள் கொண்டுவருகிறோம்.

டிக்கெட் விஷயம். சென்னையிலிருந்து பிரயாக்ராஜ் வரை ஒரே டிக்கெட் எடுத்து நடுவில் நாக்பூரில் இறங்கித் தங்குவதற்கு ரயில்வே விதியிலேயே இடம் இருக்கிறது. கிளம்பின ஊரிலிருந்து 500 கி.மீ. தாண்டிய பிறகுதான் முதல் முறை இறங்கலாம். மொத்தத் தூரம் 1,000 கி.மீ.க்கு மேல் என்றால் இரண்டு தடவை இறங்கலாம். இறங்கும் நாளும் ஏறும் நாளும் போக இரண்டு நாள் வரை தங்கலாம். ராஜதானி, சதாப்தி வண்டிகளில் இது செல்லாது. தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும் என்பதால், இரண்டு துண்டாக எடுப்பதைவிட ஒரே டிக்கெட் மலிவு. இதற்காகவே நாங்கள் முன்பதிவு மையத்துக்கு நேரில் போய், இரண்டு வண்டிக்கும் படுக்கை கேட்டு எழுதிக் கொடுக்கிறோம்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும். முன்பெல்லாம் 120 நாள் இருந்தது, 2024 நவம்பரில் குறைத்துவிட்டார்கள். அதனால்தான் மார்கழி பிறக்குமுன் பெயரையும் பணத்தையும் கேட்கிறோம். உங்கள் குடும்பத்தில் ஆறு பேர் வந்தாலும் இரண்டிரண்டு பேராகப் பிரித்து டிக்கெட் போடுவோம். இதைப் பார்த்துச் சிலர் வருத்தப்பட்டிருக்கிறீர்கள். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கு என்று ஒரு ஒதுக்கீடு உண்டு. ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் போனால் அது கிடைக்காது. பிரித்துப் போட்டாலும் ஒரே பெட்டியில் இடம் வாங்கத்தான் பார்ப்போம். மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான். பழைய கணக்கை மனதில் வைத்துக் கேட்பவர்களுக்காக இதையும் சொல்லிவிடுகிறோம்.

நாக்பூரில் நடக்க முடியாதவர்களுக்கு ஸ்டேஷனிலேயே ஓய்வறை எடுக்கிறோம். உறுதியான டிக்கெட்டோ, உட்கார மட்டும் இடம் உறுதியான ஆர்ஏசி டிக்கெட்டோ கையில் இருந்தால் பிஎன்ஆரை வைத்து முன்கூட்டியே பதிவு செய்யலாம், 48 மணி நேரம் வரை கிடைக்கும். அறைகள் குறைவு. மற்றவர்களுக்கு ஸ்டேஷன் பக்கத்து லாட்ஜில் லிப்ட் உள்ள கட்டடம், இரண்டு பேருக்கு ஒரு அறை, காலையில் வெந்நீர். நீங்கள் கேட்ட ₹1,900 இந்த அறைக்கும், நாக்பூர்ச் சாப்பாட்டுக்கும், ஆட்டோவுக்கும் போகிறது. திரும்பி வரும்போதும் அதே நாக்பூர், அதே அறைகள். "வரும்போதாவது நேராக வந்துவிடலாமே" என்று சிலர் சொன்னீர்கள். கயையில் திதி கொடுத்து, காசியில் படித்துறை ஏறி இறங்கி, உடம்பு ஓய்ந்துபோயிருப்பது வரும்போதுதான். அதனால் அந்த நாளைக் குறைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

காசியில் உறவினரைச் சந்திக்க ஏற்பாடு செய்திருப்பவர்கள், நாம் வேனில் வந்து சேர்வதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள். வாரணாசி சந்திப்பு, பனாரஸ், காசி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய முகல்சராய் என்று அங்கே பல ஸ்டேஷன் இருக்கிறது. போன தடவை ஒருவரின் தம்பி ஒரு ஸ்டேஷனிலும் அண்ணன் வேறு ஸ்டேஷனிலுமாகக் காத்திருந்தார்கள்.

பெயர் கொடுக்க வரும்போது ஒரு தாளில் நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளை நேரத்தோடு எழுதிக் கொண்டுவாருங்கள். எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்பதையும் எழுதுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் தனியாகச் சொல்லுங்கள், அதற்குக் குளிர்ப்பை எடுத்து வைக்க வேண்டும். உப்பு குறைத்துச் சாப்பிடுகிறவர்கள், பல் கட்டியவர்கள், சப்பாத்தி மெல்ல முடியாதவர்கள் யார் யார் என்றும் பெரியம்மா கேட்டிருக்கிறார். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவர் அரிசி அளக்கிறார். ஒரு தட்டும் டம்ளரும் மட்டும் உங்களுடையதாக எடுத்து வந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் யாத்திரை அலுவலகத்தார்,
மதுரை