சனி எப்போது பெயர்ந்தார், ஆசிரியரே?

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மார்ச்சில் ஒரு சனிப்பெயர்ச்சி சிறப்பு இணைப்பு கொடுத்தீர்கள். இந்த மார்ச்சில் இன்னொன்று வந்திருக்கிறது. இரண்டிலும் கும்பத்தை விட்டு மீனத்துக்குப் போகிறவர் அதே சனி பகவான்தான். இன்றைய வானியல் கணக்கோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 மார்ச் 29, பழைய மனப்பாடச் சூத்திரங்களைக் கொண்டு கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச், ஏறக்குறைய ஒரு வருஷம் வித்தியாசம். இந்தத் தேதியில் பஞ்சாங்கங்களுக்குள் ஒற்றுமை இல்லை என்று ஓரத்திலாவது ஒரு வரி போட்டிருப்பீர்களா என்று இரண்டு இணைப்பையும் புரட்டிப் பார்த்தேன். ராசிக்கல் விளம்பரமும் பரிகாரத் தல சுற்றுலா விளம்பரமும்தான் கண்ணில் பட்டன.

இது ஏதோ இந்தத் தடவை மட்டும் நேர்ந்த குளறுபடி இல்லை. சனி கும்பத்துக்கு வந்தபோதும் இதே கதைதான்: திருக்கணிதத்துக்கு 2023 ஜனவரி 17, வாக்கியத்துக்கு அதே ஆண்டு டிசம்பர் 20. அதற்கு முன்னால் மகரத்துக்கு வந்தது 2020 ஜனவரியிலா டிசம்பரிலா என்பதிலும் தகராறு. மேல்நாட்டு ஜோதிடர்களைக் கேட்டால் இன்னும் வேடிக்கை, சனி 2023 மார்ச்சிலேயே மீனத்துக்குப் போயாச்சு என்பார்கள், ஏனென்றால் அவர்கள் ராசிச் சக்கரத்தைத் தொடங்கும் புள்ளி நம்முடையதிலிருந்து சுமார் 24 பாகை தள்ளி இருக்கிறது. ஆக ஒரே கிரகம், ஒரே ராசி, மூன்று தேதி, முதலுக்கும் கடைசிக்கும் நடுவே மூன்று வருஷம்.

சரி, இதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். கடக ராசிக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அஷ்டமச் சனி, அதாவது தன் ராசிக்கு எட்டாம் இடத்தில் சனி இருக்கும் கெட்ட காலம், முடியட்டும், அப்புறம் கடை வைக்கலாம் என்று காத்திருக்கிறார். திருக்கணிதப்படி அது 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது, வாக்கியப்படி இன்னும் ஒரு வருஷம் பாக்கி. அந்த வருஷத்தில் கடை வைத்து நஷ்டப்பட்டால் வாக்கியம்தான் சரி என்பார்கள், லாபம் வந்தால் திருக்கணிதம் சரி என்பார்கள். எது நடந்தாலும் ஜோதிடம் பொய்க்காது, பாவம் அந்த மனுஷனின் ஒரு வருஷ வாடகை முன்பணமும் வட்டியும்தான் போகும்.

திருநள்ளாறு கோயில் தரப்பில் 2025-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: நாங்கள் வாக்கியப் பஞ்சாங்கம், எங்களுக்குப் பெயர்ச்சி 2026-ல்தான் என்று. அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரு கோயில் தன் மரபுப்படி நாள் குறிக்கிறது, அதை ஒளிவுமறைவில்லாமல் அறிவிக்கிறது. இரண்டு தேதியையும் எடுத்து இரண்டு தடவை வியாபாரம் செய்தது பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும்தான்.

பஞ்சாங்கம் கணித்தவர்களை நான் இளக்காரமாகச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1825-ல் ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர், புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணக்குப் போட்டதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் அவர் பிசகியது சில நிமிஷம்தான். பெரிய வித்தை அது, சந்தேகமே இல்லை. ஆனால் பழைய எண்களைத் திருத்தாமல் நூற்றாண்டுக் கணக்கில் ஓட்டினால் பிழை சேரத்தானே செய்யும். சனி சூரியனைச் சுற்ற இருபத்தொன்பதரை வருஷம் ஆகிறது, அதாவது வருஷத்துக்கு 12 பாகைதான் நகர்கிறது, அதனால் கணக்கில் சில பாகை தப்பினாலே பெயர்ச்சித் தேதி மாதக்கணக்கில் தள்ளிப்போய்விடும்.

இதைத் திருத்த வேண்டும் என்று சொன்னவர்கள் நம்மூரிலேயே இருந்தார்கள். சென்னை நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-ல் ஒளி கூடிக் குறையும் மாறுவிண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தவர், தொலைநோக்கியில் பார்த்த நிலவரத்தோடு ஒத்துப்போகும்படி பஞ்சாங்கத்தை மாற்ற வேண்டும் என்று வாதாடி, தானே திருக்கணிதப் பஞ்சாங்கம் போட்டார். சுதந்திரத்துக்கு அப்புறம் 1952-ல் இயற்பியலாளர் மேகநாத சாஹா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு போட்டார்கள், 1955-ல் அறிக்கையும் வந்தது. நூற்றைம்பது வருஷமாக ஊரிலேயே ஓடுகிற விவாதம் இது. உங்கள் இணைப்பில் எழுதும் ஜோதிடர்களுக்குத் தெரியாமல் இருக்காது, வாசகனுக்குச் சொன்னால் கடை படுத்துவிடும் என்பதால் சொல்வதில்லை.

அதே 2025 மார்ச்சில், 23-ம் தேதி, சனியின் வளையங்கள் பூமிக்கு விளிம்பைக் காட்டியபடி திரும்பிப் பார்வைக்கு ஏறக்குறைய மறைந்தன. பதிமூன்று பதினைந்து வருஷத்துக்கு ஒருமுறை நடப்பது. அந்தத் தேதிக்கு எந்த நாட்டு வானியலாளரும் இன்னொருவரோடு சண்டை போடவில்லை. நீங்கள் அதைச் செய்தியாகக்கூடப் போடவில்லை என்பது வேறு விஷயம்.

இப்போது பலன்களுக்கு வருவோம். சனி ஒரு ராசியில் இருக்கும்போது மூன்று ராசிக்கு ஏழரைச் சனி, ஒன்றுக்கு நாலாம் இடத்து அர்த்தாஷ்டமச் சனி, ஒன்றுக்கு ஏழாம் இடத்துக் கண்டகச் சனி, ஒன்றுக்கு எட்டாம் இடத்து அஷ்டமச் சனி. கூட்டிப் பாருங்கள், பன்னிரண்டில் ஆறு. மீனத்துச் சனிக்கு மேஷம், சிம்மம், கன்னி, தனுசு, கும்பம், மீனம். ராசிகள் சமமாகப் பிரிந்திருந்தால் எந்த நேரமும் தமிழ்நாட்டில் பாதிப் பேர், சுமார் நாலு கோடி ஜனம், சனியின் பிடியில் இருக்கிறார்கள், அதே கணக்கில் ஒவ்வொருவர் ஆயுளிலும் பாதி அப்படியே கழிகிறது. பரிகாரத்துக்கு இதைவிடப் பெரிய சந்தை எந்தக் கம்பெனிக்குக் கிடைக்கும்? அதிலும் ஏழரைச் சனியின் முதல் சுற்று மங்கு சனி, இரண்டாம் சுற்று பொங்கு சனி, மூன்றாம் சுற்று மரணச் சனி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள் பாருங்கள், இளம் வயதில் திண்டாட்டம், நடுவயதில் கொஞ்சம் நிமிர்வது, அறுபதுக்கு மேல் சாவு. இதற்குச் சனி எதற்கு, எங்கள் தெருவில் பத்து வீட்டை எட்டிப் பார்த்தாலே சொல்லிவிடலாம்.

2020-ல் பன்னிரண்டு ராசிக்காரர்களும் ஒன்றாக வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். அந்தப் புத்தாண்டுக்கு நீங்கள் போட்ட ராசிபலனை எடுத்து, வெளிநாட்டுப் பயணம் யாருக்கெல்லாம் எழுதியிருந்தது என்று ஒருதரம் பாருங்கள்.

தேர்தல் வேறு வருகிறது. வேட்புமனு வாங்குவது காலை 11 முதல் மாலை 3 மணி வரை. வெள்ளிக்கிழமை என்றால் 12 மணி வரை ராகு காலம், அதனால் 12 அடித்ததும் கட்சி பேதமில்லாமல் கூட்டம் நெருக்கும், மேடையில் பகுத்தறிவு பேசுகிற சிலரும் அதில் நிற்பார்கள். ஒரே தொகுதி, ஒரே நல்ல நேரம், ஆனால் ஜெயிக்கப்போவது ஒருவர், மற்றவர்களில் பெரும்பாலானவர்களுக்கு டெபாசிட் போகும். தெலங்கானாவில் முதலமைச்சராக இருந்த கே. சந்திரசேகர ராவுக்கு வாஸ்துவில் இருந்த நம்பிக்கை ஊரறிந்தது. பழைய தலைமைச் செயலகத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டி 2023 ஏப்ரலில் திறந்தார், டிசம்பரில் ஆட்சி போனது. வாஸ்து ஏன் கைவிட்டது என்று எந்த வாஸ்து நிபுணரிடமும் நீங்கள் பேட்டி எடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஆனால் சென்னையில் கனமழை என்று வானிலை மையம் சொல்லி, மழை வராமல் போனால் மறுநாள் உங்கள் பத்திரிகையில் என்ன கிண்டல்! ரெட் அலர்ட் கொடுத்தார்கள், வெயில் அடித்தது என்று முதல் பக்கத்தில் படத்தோடு போடுகிறீர்கள். போடுங்கள், போட வேண்டியதுதான். அதே கண்டிப்பை ராசிபலன் போடும் பத்தாம் பக்கத்துக்கும் காட்டினால் என்ன?

மக்களின் நம்பிக்கை சார், ஆறுதலுக்குப் படிக்கிறார்கள் என்று உங்கள் உதவி ஆசிரியர் சொல்லக்கூடும். எள் தீபம் ஏற்றிக் கும்பிடுகிறவரோடு எனக்கு வழக்கு இல்லை, எங்கள் வீட்டிலும் சனிக்கிழமை காக்கைக்குச் சோறு வைக்காமல் யாரும் சாப்பிடுவதில்லை. ஆனால் இந்தத் தேதியிலிருந்து உனக்குப் பணமுடை, இந்தக் கல்லைப் போட்டால் சரியாகும் என்பது சாமி கும்பிடுகிற விஷயம் இல்லை. அது நடந்ததா இல்லையா என்று பார்த்துச் சொல்லக்கூடிய பேச்சு. ஆறுதலுக்கு என்றால் பாதி ஜனத்தைப் பயமுறுத்திவிட்டு அப்புறம் ஆறுதல் விற்பானேன்?

திருக்கணிதப்படி 2027 ஜூனில் சனி மேஷத்துக்குள் நுழைந்து, வக்கிரமாகி, அதாவது பின்னோக்கி நகர்ந்து, அக்டோபரில் மீனத்துக்கே திரும்பி, 2028 பிப்ரவரியில் மறுபடியும் மேஷத்துக்குப் போகிறார். வாக்கியக்காரர்கள் வேறு தேதி சொல்வார்கள். அதற்கு நீங்கள் எத்தனை இணைப்பு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் எந்தப் பஞ்சாங்கம் என்பதையும் மற்றதன் தேதியையும் போடுங்கள், இரண்டாம் பக்கத்தில் இந்த மார்ச் இணைப்பில் பன்னிரண்டு ராசிக்கும் எழுதியதை ஒரு வரி குறைக்காமல் திரும்ப அச்சடித்து, எது நடந்தது எது நடக்கவில்லை என்று வாசகர்களை எழுதச் சொல்லுங்கள். தபால் செலவு எங்களுடையது.

இப்படிக்கு,
பல வருஷ வாசகர், மயிலாடுதுறை