வலது காலுக்கு அளவெடுத்த அண்ணனுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

நேற்று சாயங்காலம் நானே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒன்பது மாதத்துக்குப் பிறகு முதல் தடவை. வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்த பிறகும் இறங்க மனசு வரவில்லை. அம்மா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இறங்கு சாமி, காபி ஆறிப்போகுது" என்று மூன்று தடவை கூப்பிட்டார். ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. விடிவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

போன தை மாதம் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள். அதை மறுபடி எழுதத் தெம்பில்லை. இடது முழங்காலுக்குக் கீழே பலம் திரும்பாது என்று தெரிந்த அன்றைக்கு, எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அப்பாவின் வண்டி. இனி யார் கிளச் மிதிப்பார்கள் என்றுதான் அழுதேன். பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போவேன் என்கிற கவலைகூட அதற்குப் பிறகுதான் வந்தது.

அந்த வண்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். ப்ரீமியர் 118 என்.இ. 1985இல் வந்த மாடல். உடம்பு பழைய ஃபியட் 124 வழியில் வந்தது, எஞ்சின் நிசானின் ஏ12, 1171 சிசி. முன்னால் எஞ்சின், பின்சக்கரம் இழுக்கும். அதியமான்கோட்டை ரோட்டில் விடியற்காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, அரை கிளச் என்றால் என்ன என்று அப்பா எனக்குக் காட்டிக்கொடுத்தது அதில்தான். அவர் போன பிறகு அந்த சீட்டில் வேறு யாரையும் நான் உட்காரவிட்டதில்லை. வித்துவிட்டுப் புது ஆட்டோமேட்டிக் வாங்கிக்கொள் என்று சொன்னவர்கள் என் நல்லதுக்குத்தான் சொன்னீர்கள். என்னால் முடியவில்லை. ஆஸ்பத்திரிச் செலவு போக கையில் மிச்சமிருந்த பணத்துக்கும் அது முடியாது.

"கிளச்சே இல்லாம பண்ணிடலாம் பாப்பா" என்று முதலில் சொன்னது பென்னாகரம் ரோடு பட்டறை மாமா. சும்மா ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரம் கழித்து நோட்டில் படம் போட்டுக்கொண்டு வந்தார். கிளச் மிதிக்காமல் தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியின் படம். மூணு ஸ்பீடு பெட்டி சுலபமாகக் கிடைக்கும், வேண்டாம் என்றார். "மூணாவது நேர் கியர்தான். பைபாஸ்ல எம்பதுல போனா எஞ்சின் கத்திக்கிட்டே வரும். நாலு ஸ்பீடு, ஓவர்டிரைவ் உள்ளது போடுவோம்." ஓவர்டிரைவ் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் புரிந்துகொண்டேன். நேர் கியரில் எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் பின்னால் போகும் ஷாஃப்ட்டும் ஒரு சுற்று. ஓவர்டிரைவில் எஞ்சின் முக்கால் சுற்றுகூடச் சுற்ற வேண்டாம், ஷாஃப்ட் ஒரு சுற்றை முடித்துவிடும். விகிதம் ஏறக்குறைய 0.7. அதாவது 3000 சுற்றில் எஞ்சின் கத்தும் அதே வேகத்துக்கு 2100 போதும். முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய எஞ்சினுக்கு இதைவிடப் பெரிய ஓய்வு கிடையாது என்றார்.

பெட்டி சென்னை புதுப்பேட்டையில் கிடைத்தது. பழைய ஜப்பான் வண்டி ஒன்றிலிருந்து கழற்றியது. ஆனால் எங்கள் எஞ்சினின் போல்ட் ஓட்டைகளும் அந்தப் பெட்டியின் ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. நடுவில் ஒரு தகடு கடைந்தாக வேண்டும். அதன் மையம் முடியளவு விலகினாலும் உள்ளே ஆயில் பம்ப்பின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்து, ஆயில் கசிந்து, பெட்டியே வீணாகிவிடும். இந்த வேலைக்காகத்தான் கிருஷ்ணகிரி லேத் பட்டறை அண்ணனிடம் போனோம். இந்தக் கடிதம் பெரும்பாலும் அவருக்கு.

அண்ணா, உங்களிடம் நாங்கள் கேட்டது தகடு மட்டும்தான். ஆள் அனுப்புகிறேன், கொடுத்துவிடுங்கள் என்று போனில் சொன்னேன். நீங்களே சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். டீ குடித்துவிட்டு ஏழு மணி பஸ்ஸுக்குக் கிளம்ப வேண்டியவர். அந்த நேரத்தில்தான் பட்டறைப் பையன்கள் பெட்டியை ஜாக்கியில் தூக்கி எஞ்சினோடு சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு விரல் இடைவெளி மூடவே இல்லை. போல்ட்டைப் போட்டு ஸ்பேனரால் இழுத்தால் வந்து ஒட்டிவிடும் என்று ஒரு பையன் இறுக்க ஆரம்பித்தான்.

நீங்கள் டீ கிளாஸைத் தரையில் வைத்துவிட்டு ஓடி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். "இறுக்காத கண்ணு. இன்னும் ரெண்டு சுத்து சுத்துனா உள்ள பம்ப்பு ஒடஞ்சிரும். பெட்டிய இறக்கு."

குவைத்தில் கராஜில் பதினோரு வருஷம் இருந்தீர்கள் என்பது அந்த ராத்திரிதான் எங்களுக்குத் தெரியும். இறக்கிய பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அந்தப் பரங்கிக்காய் மாதிரி இருக்கும் டார்க் கன்வெர்ட்டரை (கிளச்சுக்குப் பதிலாக எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்துவது) இரண்டு கையாலும் ஏந்தி, கொஞ்சம் அழுத்தி, கொஞ்சம் திருப்பி, மறுபடி அழுத்தினீர்கள். டக் என்று ஒரு சத்தம். "ஒண்ணு" என்றீர்கள். இன்னும் திருப்பினீர்கள். டக். "ரெண்டு." பையன்கள் போதும் என்று எழுந்தார்கள். நீங்கள் எழவில்லை. ரொம்ப நேரம் கழித்து மூன்றாவது சத்தம் வந்தது. மற்ற இரண்டையும்விட ஆழமான சத்தம். கன்வெர்ட்டர் அதுவரை முழுசாக உள்ளே உட்காராததால்தான் இடைவெளி மூடவில்லை. பிறகு பெட்டி வாயின் குறுக்கே ஒரு நேர் பட்டையை வைத்து, சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்கேலை எடுத்து உள்ளே விட்டு அளந்து, உங்கள் தகட்டின் கனத்தையும் கூட்டிச் சரிபார்த்தீர்கள். அடுத்த முறை தூக்கியபோது பெட்டி வெறும் கையால் தள்ளியே எஞ்சினோடு வந்து ஒட்டியது. கன்வெர்ட்டரை விரலால் சுழற்றிக் காட்டினீர்கள். லேசாகச் சுழன்றது. "தானா வந்து உக்காரணும் தங்கச்சி. இழுத்து உக்கார வைக்கக் கூடாது" என்றீர்கள். கடைசி பஸ் போயிருந்தது. பட்டறை பெஞ்சிலேயே படுத்துக்கொண்டீர்கள்.

இதுவே பெரிய உதவி. நான் எழுத வந்தது மறுநாள் காலையில் நடந்ததை.

நான் காபியோடு வந்தபோது நீங்கள் டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரையில் ஒருக்களித்துப் படுத்துப் பெடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கிளச் பெடலைக் கழற்றிய இடம் வெறுமையாக இருந்தது. பிரேக் பெடல் மட்டும் பழையபடி சின்னதாக, ஓரமாக நின்றது. "செருப்பப் போட்டுக்கிட்டு உக்காரு தங்கச்சி. வலது கால நீ எப்பவும் வைக்கிற மாதிரி வை" என்றீர்கள். ஒரு அட்டையைக் காலுக்கு அடியில் வைத்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டீர்கள். ஆக்சிலேட்டரிலிருந்து பிரேக்குக்குக் காலை மாற்றச் சொன்னீர்கள். பத்துத் தடவை மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் என் குதிகால் எங்கே ஊன்றுகிறது என்று அட்டையில் புள்ளி வைத்தீர்கள். ஏன் என்று கேட்டேன். கிளச் இருக்கிற வண்டியில் இடமில்லாததால் பிரேக் பெடல் குறுகலாக இருக்கும், ஆட்டோமேட்டிக்கில் அதை அகலமாக வைப்பார்கள், அவசரத்தில் கால் தேடக் கூடாது என்று சொல்லிவிட்டு அட்டையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தீர்கள். யாரும் கூப்பிடவில்லை. பெடலைக் கழற்றி வெளியே எடுத்து, அதில் ஒரு உள்ளங்கை அகலத் தகட்டை வெல்டிங் வைத்தீர்கள். ஓரமெல்லாம் அரத்தால் ராவி மழுக்கியிருந்தது. மேலே பழைய பெல்ட்டிலிருந்து வெட்டிய ரப்பர், ஈரச் செருப்பும் வழுக்காதபடி குறுக்கும் நெடுக்குமாகக் கீறியது. கிளச் இருந்த இடத்தில் சரிவாக ஒரு சின்னப் பலகை, அதன் வலது ஓரத்தில் விரல் உயரத்துக்கு ஒரு தடுப்பு. என் இடது கால் எங்கே கிடக்கிறது என்று எனக்கே தெரியாது. அது நழுவி பிரேக்குக்கு அடியில் போய்விடக் கூடாது என்று அந்தத் தடுப்பு. இதை டாக்டரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அண்ணா, ஒன்பது மாதமாக வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் என் இடது காலைப் பார்த்துத்தான் பேசினார்கள். நீங்கள் ஒருவர்தான் வலது காலுக்கு அளவெடுத்தீர்கள். அன்றைக்குத்தான் நான் திரும்ப ஓட்டுவேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது. தகட்டுக்கு மட்டும் காசு வாங்கினீர்கள். பெடலுக்கு எவ்வளவு என்றால், "கழிவுத் தகடு, அதுக்கென்ன காசு" என்று சொல்லிவிட்டீர்கள்.

மற்றவர்களையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். புதுப்பேட்டையில் இரண்டு நாள் கடை கடையாக ஏறி இறங்கிய சித்தப்பா மகனுக்கு, பெட்டியின் நீளத்துக்கு ஏற்ப, பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொபெல்லர் ஷாஃப்டை வெட்டி, பேலன்ஸ் பார்த்துக் கொடுத்த ஓசூர் பட்டறைக்கு, கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும் கேபிளை அரை மில்லி அரை மில்லியாகச் சரிசெய்த மாமாவுக்கு (அது தளர்ந்திருந்தால் ஆயில் அழுத்தம் குறைந்து பெட்டிக்குள் தானே இயங்கும் கிளச் தட்டுகள் கருகிவிடும் என்று எத்தனை தடவை சொன்னார்!), பி-யிலும் (பார்க்) என்-னிலும் (நியூட்ரல்) தவிர வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி வயரிங் செய்த தம்பிக்கு, என் வகுப்புகளைப் பங்குபோட்டு எடுத்த பாலக்கோடு பள்ளித் தோழிகளுக்கு, தினமும் காலைப் பிடித்துவிட்ட எதிர்வீட்டு அக்காவுக்கு. வண்டியில் கை வைக்கும் முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது என்று பொறுமையாக விளக்கி, எந்தக் காகிதம் எந்த வரிசையில் என்று எழுதியே கொடுத்த வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஊழியருக்கு. எல்லாருக்கும் என் வணக்கம்.

நேற்று காரிமங்கலம் தாண்டி காவேரிப்பட்டணம் வரைக்கும் போய்த் திரும்பினேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டி ஆக்சிலேட்டரை லேசாக விட்டபோது, எஞ்சின் சத்தம் படியிறங்குகிற மாதிரி தணிந்தது. அப்பாவின் வண்டியில் இத்தனை வருஷத்தில் ஜன்னல் காற்றின் சத்தம் எனக்குக் கேட்டதே இல்லை. நேற்று கேட்டது. சின்ன எஞ்சின் என்பதால் மேட்டில் தானாகவே மூன்றுக்கு இறங்கிக்கொள்கிறது. அதில் குறை ஒன்றுமில்லை. சேலம் பக்கம் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் மட்டும் ஓவர்டிரைவ் பட்டனை அணைத்துவிட்டு, தேவைப்பட்டால் இரண்டிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது என்று மாமா சத்தியம் வாங்கியிருக்கிறார். செய்வேன் மாமா.

இன்னொரு சத்தியம் நானாகச் செய்கிறேன். தகட்டின் அளவு, ஷாஃப்ட்டின் நீளம், பெட்டி தாங்கும் மவுண்ட்டை நகர்த்திய தூரம், பெடலின் அகலம், எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கால் போய்விட்டதால் ஓட்டுவதை விட்டவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லுங்கள். வண்டியோடு அவர்கள் வீட்டுக்கு வருகிறேன். என் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்க்கட்டும். அப்பாவுக்குப் பிறகு யாரையும் உட்காரவிடாத சீட்தான் அது. இனிமேல் அவர்கள் உட்காரலாம்.

அண்ணா, உங்கள் ஆறு அங்குல ஸ்கேல் சீட்டுக்கு அடியில் கிடந்தது. துடைத்து டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் இருங்கள். அம்மாவையும் கூட்டிக்கொண்டு நானே ஓட்டி வந்து கொடுக்கிறேன்.