இந்த வருடச் சந்திப்பு: மே 30, சனிக்கிழமை

மச்சான்களே, 2026 ஐரோப்பிய கால்பந்து சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி மே 30 அன்று புடாபெஸ்ட் புஷ்காஷ் அரங்கத்தில். இந்த முறை நம் நேரப்படி இரவு 9.30க்கே தொடங்குகிறது. பெனால்டி வரை இழுத்தாலும் 12.30 வாக்கில் முடிந்துவிடும். முன்பெல்லாம் அப்போதுதான் ஆட்டமே தொடங்கும். முதல் பாதியிலேயே குறட்டை விட்டவருக்கு இனி சாக்கு இல்லை. (பெயர் வேண்டாம், நம் கோல்கீப்பருக்குத் தெரியும்.)

மாலை 4.30க்கு வழக்கமான டர்ஃபில் நம் ஆட்டம். முழங்கால் வலிக்காரர்கள் நடுவராக நிற்கலாம்.

அப்புறம், வெளியூர்க்காரர்கள் கவனிக்க: கோடை விடுமுறைக் கூட்டம், ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். தட்கலை நம்பாதீர்கள். பிரியாணிக்கு ஆள் கணக்கு வேண்டும்; குடும்பத்தோடு வருபவர்கள் அதையும் சேர்த்து இங்கேயே போடுங்கள்.